மூன்று பிடி மண்

லாரிக்கு டயர் கேட்டு வருகிறவனிடம் அவர் முதலில் கேட்பது மண். எத்தனை டன் பாரம், எந்த அளவுச் சக்கரம், புதுசா பழசா என்பதெல்லாம் பிறகு. "மண்ணு எடுத்தாந்தியா?" என்பார். இல்லை என்றால், "எடுத்துகினு வா, அப்பால பேசலாம்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து தன் வேலையைப் பார்ப்பார். பெண் கேட்டுப் போனவனிடம் முதலில் ஜாதகத்தைக் கொண்டா என்று திருப்பி அனுப்புகிற மாதிரி இருக்கும். பாதிப் பேர் சிரிப்பார்கள், பாதிப் பேர் முறைப்பார்கள். ஆனால் மறுநாள் திரும்பி வரும்போது எல்லோர் கையிலும் ஒரு துணி முடிச்சு இருக்கும்.

அவரைப் பட்டாளத்தான் என்போம். யுத்தத்தின்போது பர்மா எல்லைக் காட்டில் ராணுவ லாரிகளுக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தவர். யுத்தம் முடிந்து அந்த லாரிகளையெல்லாம் ஏலம் விட்டபோது, லாரிகளின் பின்னாலேயே இவரும் ஊர் வந்து சேர்ந்துவிட்டார் என்று கேலி பேசுவோம். இப்போது எழுதும்போது 'அவர்' என்று தானாக வருகிறது. ஐம்பதுகளில் நான் அவரை நேரில் 'நீ' என்றும், ஆள் இல்லாதபோது 'அவன்' என்றும்தான் சொன்னேன். என்னைவிட இருபது வயது மூத்தவர். படாளம் என்ற ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு சேரியில் பிறந்தவர் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது.

அவர் பதிலுக்கு எங்கள் எல்லோரையும் 'நைனா' என்றார். மிராசுதாரும் நைனா, கிளீனரும் நைனா. இது சிலருக்கு உறுத்தியது. "ஆண்டைன்னு ஒரு தடவ சொன்னா இவன் வாய் தேஞ்சா போவும்?" என்று என் மச்சானே கேட்டிருக்கிறார். கேட்டாரே தவிர, டயர் வேண்டுமென்றால் அங்கேதான் போவார். செங்கல்பட்டில் ஏரிக்கரையை ஒட்டி ஜி.எஸ்.டி. ரோடு வளைகிற இடத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை. அதற்குப் பின்னால் வீட்டு உயரத்துக்கு ராணுவத்து டயர்க் குவியல். மழைக்காலத்தில் அதற்குள் பாம்பு குடியிருக்கும். அவர் கையை விடும் முன் கடப்பாரையால் இரண்டு தட்டுத் தட்டி, "நவுந்துக்கோ நைனா" என்பார். பாம்பும் நைனாதான்.

மண்ணை அவர் பார்க்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். முடிச்சை அவிழ்த்து உள்ளங்கையில் கொட்டி, சொம்பிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பிசைவார். பிறகு இரண்டு கைக்கும் நடுவே வைத்து உருட்டுவார். இடியாப்ப இழை மாதிரி உடையாமல் நீண்டால் களி. உருட்ட உருட்ட உதிர்ந்து போனால் மணல். இரண்டுங்கெட்டானாக இருந்தால் ஒரு சிட்டிகை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடிப்பார். நறநறவென்ற சத்தம் பக்கத்தில் நிற்கிற நமக்கே கேட்டு உடம்பு கூசும். துப்பிவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு, குவியலைப் பார்க்க நடப்பார்.

டயரைப் பார்க்கிறபோதும் அவசரம் கிடையாது. உள்பக்கம் முழங்கை வரை விட்டு, குழந்தைக்கு முதுகு தடவுகிற மாதிரி ஒரு சுற்றுத் தடவுவார். நூல் விட்டிருக்கிறதா என்று பார்க்கத்தான். பக்கச் சுவரில் கட்டை விரலை ஊன்றி அழுத்துவார். லாரிக்காரர்கள் பட்டன் என்று சொல்கிற, தரையைப் பிடிக்கும் அந்த மேட்டுக் கட்டைகளை நகத்தால் கீறிப் பார்ப்பார். பிறகு சாக்பீஸால் ஒரு குறி. "இது சேத்துக்கு. இது மணலுக்கு. இது கல்லு ரோட்டுக்கு." ஒன்றுக்கும் உதவாததை ஓரமாகத் தள்ளி, "இது செருப்புக்கு" என்பார். அவர் நல்ல டயர் என்று எதையும் சொல்லிக் கேட்டதில்லை. எந்த மண்ணுக்கு என்றுதான் சொல்வார்.

அதுவும் ஒரே ஒரு முறை. இதுதான் அந்த மனிதரின் சுபாவத்திலேயே பெரிய சங்கடம். எதையும் இரண்டாவது தடவை சொல்ல மாட்டார்.

படாளத்து ரைஸ்மில்காரர் ஒருவர், மாசி மகத்துக்கு வீட்டு ஜனங்களை மாமல்லபுரம் கடற்கரைக்கு லாரியிலேயே அழைத்துப் போக ஆசைப்பட்டார். ராணுவத்தில் ஓடிய லாரி, நான்கு சக்கரமும் இழுக்கிறது, கடல் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போகலாம் என்று யாரோ ஏற்றிவிட்டிருக்கிறார்கள். மண் முடிச்சோடுதான் வந்தார். ஆனால் குவியலில் இருந்ததிலேயே பெரிய பட்டன் டயரைப் பார்த்ததும் மயங்கிவிட்டார். ஒவ்வொரு பட்டனும் செங்கல் பருமன், பார்க்க அவ்வளவு கம்பீரமாக இருக்கும்.

"அது மணல்ல தோண்டும் நைனா. மணலுக்குத் தட்டையா, காத்து கொறைச்சலா ஓட்டணும்" என்றார் இவர்.

"தோண்டுனா தோண்டட்டும். அதையே மாட்டு."

மாட்டிவிட்டார். மாசி மகத்தன்று அத்தனை கூட்டத்துக்கு முன்னால் அந்த லாரி உறுமி உறுமித் தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டு அச்சு வரை உட்கார்ந்தது. பட்டுப் புடவைகளைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெண்கள் இறங்கினார்கள். மீன்காரர்கள் பலகை போட்டு இழுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் ரைஸ்மில்காரர் கடைக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். இவர் ஒன்றும் பேசாமல் ஜாக்கியை எடுத்துக்கொண்டு போய்ச் சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தார். அந்த மௌனத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"ஏன்யா, இன்னொரு தபா அழுத்திச் சொன்னா கொறைஞ்சா போயிடுவே?"

"காது ஒண்ணா இருந்தா ரெண்டு தபா சொல்லலாம். உனக்குத்தான் ரெண்டு கீதே நைனா."

கூட இருந்தவர்கள் சிரித்தோம். ரைஸ்மில்காரரும் வேறு வழியில்லாமல் சிரித்தார். திமிர் பிடித்தவன் என்று ரோடு ஏறியதும் சொன்னார்.

என் கதைக்கு வருகிறேன். நான் அப்போது வீட்டோடு மாப்பிள்ளை. படிப்பு பாதியில் நின்றவன், சொந்தமாகச் செய்யத் தெரிந்தது ஒன்றுமில்லை. மனைவியின் அண்ணன், அதாவது மச்சான், தன் லாரித் தொழிலில் என்னைச் சேர்த்துக்கொண்டார். என் பதவிக்குப் பெயர் கிடையாது. கிளீனருக்கு மேலே, டிரைவருக்குக் கீழே என்று வைத்துக்கொள்ளலாம். டிரைவர் கன்னியப்பன். எனக்கு ஒத்த வயசு, விசில் அடித்துக்கொண்டே ஓட்டுவான். மச்சான் ஏலத்தில் ஒரு ராணுவ லாரி எடுத்து, புதுப்பட்டினத்துக்கு வடக்கே கடலோரச் சவுக்குத் தோப்பு ஒன்றில் மரம் ஏற்றும் வேலையைப் பேசி முடித்தார். டயர் பார்த்து வாங்குகிற பொறுப்பு எனக்கு. இந்த ஒன்றையாவது உருப்படியாகச் செய் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, முகம் சொல்லியது.

பட்டாளத்தார் வழியை விசாரித்தார். தோப்பிலிருந்து வண்டி மணலில் ஒரு மைல் வர வேண்டும். பிறகு பக்கிங்ஹாம் கால்வாய்க் கரை மேல் அரை மைல். அப்புறம் ரோடு.

"மூணு எடத்துல மூணு பிடி எடுத்துகினு வா. தோப்புல ஒண்ணு, கரை மேல ஒண்ணு, ரோட்ல ஏர்ற எடத்துல ஒண்ணு. மேலாக்க அள்ளாத. ஒரு சாண் தோண்டி எடு" என்றார்.

புதுப்பட்டினத்துக்குப் பஸ்ஸில் போய், தோப்புக்கு நடந்து சேர்வதற்குள் உச்சி வெயில். தோப்பில் ஒரு பிடி எடுத்தேன். நல்ல வெள்ளை மணல். கரைக்குப் போக வேண்டுமானால் கருவேல முள்ளுக்குள் சுற்றிக்கொண்டு இன்னும் நடக்க வேண்டும். இரண்டு மணிப் பஸ்ஸை விட்டால் அடுத்தது சாயங்காலம்தான். என் மனைவி முழுகாமல் இருந்தாள், நாலாம் மாதம். டூரிங் டாக்கீஸில் புதுப்படம், அழைத்துப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். இதெல்லாம் காரணம் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. மண்ணுக்கு மண் என்ன பெரிய வித்தியாசம், கிழவனின் பைத்தியக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன். நின்ற இடத்திலேயே இன்னும் இரண்டு பிடி அள்ளி, துண்டைக் கிழித்து மூன்று முடிச்சாகக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். படம் சுமார்தான்.

மறுநாள் அவர் மூன்று முடிச்சையும் வரிசையாக அவிழ்த்துப் பிசைந்தார். மூன்றும் உதிர்ந்தன. மூன்றையும் கடித்துப் பார்த்தார்.

"மூணும் ஒண்ணா கீதே?"

"கடலோரம், வேற எப்படி இருக்கும்?" என்றேன்.

"கரை மேலயும் இதான் கீதா?"

"இதான்."

எதையும் ஒரு தடவைக்கு மேல் பேசாதவர் இரண்டு தடவை கேட்டார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. வெயிலில் நின்று அலுத்திருந்தேன். பிறகு மணலுக்கென்று அகலமான, பட்டன் தேய்ந்த ஆறு டயர்களைப் பொறுக்கினார். சவுக்கு வெட்டிய அடிக்கட்டை குத்தினாலும் தாங்கும்படி பக்கச் சுவர் தடித்ததாகப் பார்த்துப் பார்த்து எடுத்தார். மூன்று மண்ணையும் திரும்ப முடிந்து, சாக்பீஸால் லாரி நம்பரை எழுதி மேலே பலகையில் வைத்தார். எல்லா வண்டிக்கும் அப்படித்தான், அந்தப் பலகை நிறைய முடிச்சு இருக்கும்.

ஆறு மாதம் அந்த டயர் ராஜா மாதிரி ஓடியது. மற்றவர்கள் லாரி மணலில் மாட்டிக்கொண்டு முழிக்கும்போது எங்கள் வண்டி பாரத்தோடு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். கால்வாய்க் கரை வெயிலில் காய்ந்து சிமெண்டுத் தரை மாதிரி கிடந்தது. மண்ணை மாற்றிக் கொடுத்த பயம் எனக்கும் மெல்ல விட்டுப்போனது. மச்சான் நாலு பேர் முன்னால், "மாப்ளே பாத்து வாங்குன டயரு" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு நான் இரண்டு நாள் நிமிர்ந்து நடந்தேன்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் பெய்து நான்காம் நாள் காலையில் வெறித்தபோது, ஒரே ஒரு லோடு எடுத்து வந்துவிடலாம் என்றார் மச்சான். கால்வாயில் தூர் வாரி வாரிக் கொட்டிய களி அந்தக் கரை. அது எனக்குத் தெரியும், அந்தப் பாதையில் ஆறு மாதம் போய் வந்திருக்கிறேன். இந்த டயர் அதற்கு ஆகாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் ஆகாது, நீதானே மண் எடுத்துக் கொடுத்தாய் என்று பேச்சு வரும். கன்னியப்பன் விசிலடித்துக்கொண்டு வண்டியை எடுத்தான். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் செய்தி வந்தது. கரை நடுவில் வண்டி சோப்புக் கட்டி மாதிரி வழுக்கிக் கால்வாய்க்குள் சரிந்திருக்கிறது. கன்னியப்பன் வெளியே குதித்திருக்கிறான். அவன் மேல் சவுக்குக் கட்டைகள் உருண்டன. வலது காலை முழங்காலுக்கு மேலேயே எடுக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் மச்சான் ஆட்களோடு டயர்க் கடைக்குப் போனார். நானும் போனேன், போகாமல் இருக்க முடியாது. ரோட்டில் போனவர்களும் நின்றுவிட்டார்கள்.

"சேத்துல போற வண்டிக்கு வழுக்கை டயரை மாட்டி ஒருத்தன் கால வாங்கிட்டியேடா!" என்று ஆரம்பித்தார் மச்சான். அதற்கு மேல் சொன்னதை நான் எழுதப் போவதில்லை. பட்டாளத்தார் எந்தத் தெருவில் பிறந்தவர் என்பது அன்று எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

அவர் டயர் நெம்பும் கம்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். மச்சானைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"சொல்லு நைனா" என்றார்.

மச்சான் திரும்பினார். "மாப்ளே, மண்ணு எடுத்தாந்தது நீதானே? மூணு எடத்துலயும் எடுத்தியா, இல்லியா?"

என் தலைக்கு மேலே பலகையில் எங்கள் லாரி நம்பர் போட்ட மூன்று முடிச்சும் இருந்தன. எட்டி எடுத்து அவிழ்த்தால் மூன்றும் ஒரே வெள்ளை மணல். யார் வேண்டுமானாலும் அவிழ்த்திருக்கலாம். அவரே அவிழ்த்திருக்கலாம்.

"எடுத்தேன்" என்றேன்.

அவர் பலகையை அண்ணாந்து பார்க்கவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"அப்போ நான்தான் மண்ண சரியா பாக்கல" என்றார்.

கூட்டத்துக்கு அது போதுமாக இருந்தது. அடுத்த மாதத்துக்குள் அந்தக் கடையில் லாரி நிற்பது நின்றுபோனது. முன்பு முடிச்சும் கையுமாய்க் காத்திருந்தவர்களே, மண்ணைத் தின்று டயர் கொடுக்கிறவன் என்று சொல்லிச் சிரித்தார்கள். இடத்துக்குச் சொந்தக்காரர் கொட்டகையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

அவர் காலி செய்த காலையில் நான் அந்தப் பக்கமாகத்தான் போக வேண்டியிருந்தது. கட்டை வண்டியில் ஜாக்கியும் கம்பிகளும் ஏற்றிக்கொண்டிருந்தார். தலையைக் குனிந்துகொண்டு தாண்டப் பார்த்தேன். கூப்பிட்டார். மூன்று முடிச்சையும் என் கையில் வைத்தார்.

"நீயே வெச்சுக்கோ. இங்க கெடந்தா எவனாவது பிரிச்சிப் பாப்பான்."

எனக்கு அழுகை வந்தது. "ஏன் அன்னிக்கே நீங்க சொல்லல?" என்றேன். நான் அவரை 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை.

"நான் சொன்னா எவன் நம்புவான்? முடிச்ச நான்தான் மாத்திட்டேன்னுவான். உன் வாயால வரணும். வரல." வண்டி மாட்டின் கயிற்றைச் சரிசெய்துகொண்டே பேசினார். "நான் எங்கியாவது குந்திகினு பஞ்சர் ஒட்டிப் பொழைச்சுக்குவேன். கைப்புள்ளக்காரிய இட்டுகினு நீ எங்க போவே? உன் மச்சான் கிட்ட சொல்லாங்காட்டிப் போ. அந்த டிரைவர் கிட்டயாவது போயி சொல்லு. கால் போனவனுக்கு ஏன் போச்சுன்னு தெரியணும்."

சொல்கிறேன் என்றேன். அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் உண்மையாகவே சொல்லப் போகிறேனா என்று திரும்பக் கேட்கவில்லை.

ஒரே ஒரு முறை அவரைப் பிறகு பார்த்தேன். நான்கைந்து வருடம் கழித்து, நான் போன பஸ் படாளத்தில் பஞ்சராகி நின்றது. புளியமரத்தடியில் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தவரைக் கண்டக்டர் அழைத்து வந்தார். ரொம்ப இளைத்திருந்தார். பஸ் டிரைவர், "வேடந்தாங்கல் ரூட்ல போட்டுட்டாங்க, ஏரிக்கரை சேறு, எந்த டயரு போட்டா தாங்கும்?" என்று சும்மா பேச்சுக் கொடுத்தார். மண் கேட்பார் என்று ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்தபடி நான் காத்திருந்தேன்.

"எது கெடைக்குதோ போடு நைனா, எல்லாம் ஒண்ணுதான்" என்றார்.

நான் இறங்கவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

கன்னியப்பனிடம் நான் சொல்லவில்லை. சொல்லத்தான் போனேன், ஒவ்வொரு பொங்கலுக்கும் வேட்டி துண்டோடு போனேன். கட்டைக் காலைத் தடவிக்கொண்டு அவன் பழைய கதையைத் தொடங்குவான். "அந்தப் பட்டாளத்தான் நல்லா இருப்பானா? அவன் கை வெளங்குமா?" என்பான். ஒரு பொங்கல் தவறாமல் இதைச் சொன்னான். நான் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, மடித்து அவனிடம் நீட்டுவேன். "வுடு, பழசெல்லாம் இன்னாத்துக்கு" என்பேன். என்னைப்போல் ஒரு நல்ல மனுஷனைப் பார்த்ததில்லை என்று தன் பேரன்களிடம் சொல்வான். போன ஆடியில் அவன் செத்துப்போனான். பாடையில் ஒரு தோள் என்னுடையது.

அந்த மூன்று முடிச்சுகளையும் ஏரியில் எறிந்துவிடத்தான், அவர் கடையைக் காலி செய்த அன்று காலையே கரை மேல் ஏறினேன். முடியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தேன். அதை ஒரு நாள் மனைவி எடுத்துவிட்டாள். இது என்ன என்று கேட்டாள், மாமல்லபுரத்துப் பக்கம் எடுத்த மண் என்றேன். கோயில் மண் என்று அவளாக நினைத்துக்கொண்டு, பழைய துணியை மாற்றி மஞ்சள் துணியில் முடிந்து, சாமி அலமாரியில் வைத்துவிட்டாள். அவள் நினைப்பை நான் திருத்தவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது சாமி படங்களுக்கு வைத்தது போக அந்த மூன்றுக்கும் ஒவ்வொரு பூ வைப்பாள். கும்பிட்டுக்கோங்க என்பாள். நானும் கும்பிட்டுக்கொள்கிறேன்.